காண வந்தோரைக் கண்ட இரவு

நாடகம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் உள்ளத்தில் முதலில் எழுவது அரிதாரம் பூசிய முகம். அடுத்து, அந்நாடகத்தை யாத்த ஆசிரியர் நினைவுக்கு வருவார். ஆர்மோனியம் வாசிப்பவரையும் திரை இழுப்பவரையும்கூட நினைத்துப் பார்ப்போர் உண்டு. ஆனால் மேடைக்கு எதிரே தரையில் பாய் விரித்து அமர்ந்திருப்பவரை நாம் எண்ணிப் பார்ப்பதே அரிது. அவர் இல்லையெனில் மேடையில் நடப்பது நாடகம் அன்று, வெறும் ஒத்திகை.

நம் முன்னோர் இவ்வுண்மையை அறிந்திருந்தனர். தொல்காப்பியம் மெய்ப்பாட்டுக்கென்றே ஓர் இயலை ஒதுக்கியது. அதற்கு உரை கண்ட இளம்பூரணர், செயிற்றியனார் என்னும் பழைய நாடக நூலாசிரியரின் கருத்தை எடுத்துக் காட்டுகிறார். ஓர் உணர்வைத் துய்ப்பவனிடத்துத் தோன்றியது, பார்ப்பவரிடத்துச் சென்று சேர்வதே மெய்ப்பாடு என்பது அக்கருத்தின் சாரம். ஆகவே நாடகத்தின் முடிவிடம் மேடை அன்று, காண்போர் நெஞ்சம். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் கொண்டதாக அரங்கை அளந்து காட்டுகிறது. அத்துடன் நில்லாமல், தூண்களின் நிழல் இடையூறாக விழாதபடி விளக்கை நிறுத்த வேண்டும் என்றும் கூறுகிறது. அந்நிழல் யாருக்கு இடையூறு? ஆடுபவளுக்கு மட்டும் அன்று. எதிரே அமர்ந்து காண்பவருக்கே அது பெரிதும் இடையூறு. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே காண்போரின் கண்ணுக்காகக் கவலைப்பட்ட மொழி நம் மொழி.

மேலை நாட்டிலும் இதே எண்ணம் வேரிலேயே உண்டு. தியேட்டர் என்று நாம் இன்று திரையரங்கைக் குறிக்க வழங்கும் சொல், 'காணும் இடம்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. ஏதென்சு நகரத்தார் குன்றின் சரிவில் வளைவாக அமர்ந்து, பகல் வெளிச்சத்தில் நாடகம் கண்டனர். அவ்வாறு அமர்ந்தவர்க்கு நடிகன் மட்டுமா தெரிவான்? எதிர் வரிசையில் இருக்கும் அயலான் கண் கலங்குவதும் தெரியும். ஊர் தன்னைத் தானே பார்த்துக் கொண்ட இடம் அது.

இவ்வாறு ஊர் தன்னைப் பார்த்துக்கொள்ளும் காட்சியை நாம் நூலில் படித்திருந்தோம். வகுப்பறையில் விளக்கியும் வந்தோம். கண்ணால் கண்டது ஓர் ஆடி மாத இரவில், திருவெறும்பூரை அடுத்த ஒரு சிற்றூரில். அந்த இரவு நமக்குக் கற்பித்ததையும், அதன் வழி நம் கல்லூரிக்கும் சமுதாயப் பெரியோர்க்கும் நாம் சொல்ல விரும்புவதையும் இம்மலரில் பதிவு செய்கிறோம்.

எறும்பூர்த் திடல்

திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது திருவெறும்பூர். தேவர்கள் எறும்பு உருவெடுத்துக் குன்றேறி இறைவனை வழிபட்டனர் என்பது அவ்வூர்த் தலபுராணம். ஊரின் பெயரிலேயே திரண்டு செல்லும் கூட்டம் இருக்கிறது. 1960களில் பாரத மிகுமின் நிறுவனமும் படைக்கலத் தொழிற்சாலையும் அவ்வட்டாரத்தில் எழுந்தபோது, அப்பெயர் மறுபடியும் மெய்யாயிற்று. தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும், கேரளம், ஆந்திரம், வடமாநிலங்கள் ஆகியவற்றிலிருந்தும் மக்கள் வேலை தேடி வந்து குடியேறினர். பழைய உழவர் குடியும் புதிய தொழிலாளர் குடியும் ஒரே சந்தையில் காய்கறி வாங்கின. ஆயினும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள ஒரே சந்தை போதுமா என்பது வேறு கேள்வி.

அவ்வூர்ப் பக்கம் ஓர் அம்மன் கோயில் விழாவை ஒட்டி, 'அரிச்சந்திரா' இசை நாடகம் நடக்க இருப்பதைச் சுவரொட்டி வழி அறிந்தோம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) வகுத்துத் தந்த மரபில் வரும் இத்தகைய நாடகங்களை மக்கள் 'ஸ்பெஷல் நாடகம்' என்பர். நிலையான குழு இதற்கு இல்லை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்தும், ஆர்மோனியமும் மிருதங்கமும் வேறோர் ஊரிலிருந்தும் அன்றிரவுக்கென்று வந்து சேர்வர். ஒத்திகையின்றியே விடிய விடிய நாடகம் நடத்திவிட்டு, விடிந்ததும் பேருந்தேறித் தத்தம் ஊர் செல்வர். மதுரையும் புதுக்கோட்டையும் இக்கலைஞர்களுக்குத் தாய்வீடு போன்றவை.

நாடகவியல் பாடம் பயிலும் மாணவர் ஐவரை அழைத்துச் செல்ல முடிவு செய்தோம். மாணவர் மூவர், மாணவியர் இருவர். அவர்களுக்கு ஒரு பணியும் கொடுத்தோம்: நாடகத்தைப் பற்றி எழுத வேண்டா, நாடகம் பார்க்க வந்தவரைப் பார்த்து எழுதுங்கள் என்றோம்.

மாணவியருள் ஒருவரின் தந்தை நம்மைத் தேடிக் கல்லூரிக்கே வந்துவிட்டார். சிறு வணிகர்; பள்ளிவாசல் பணிகளில் முன் நிற்பவர். "ராத்திரி நாடகம்னு சொல்லுது பிள்ள. அதுவும் கோயில் திடல்ல. இது படிப்புத்தானா சார்?" என்று கேட்டார். அவர் குரலில் சினம் இல்லை, கவலை இருந்தது. நம் வீட்டிலும் இக்கேள்வி எழுந்ததுண்டு ஆதலால், நாம் அவரைக் குறைத்து எண்ணவில்லை. "நீங்களும் வாருங்கள், பிள்ளைக்குத் துணையாக இருங்கள். பிடிக்கவில்லையென்றால் எந்த நேரமும் அழைத்துச் செல்லலாம்" என்றோம். இஷா தொழுகையை முடித்துக்கொண்டு, மகளுடன் அவரும் வந்தார். "நாடகம் பார்க்க வரல சார். துணைக்குத்தான் வந்தேன்" என்பதை மட்டும் இருமுறை சொன்னார்.

திடலில் அமர்ந்த உலகம்

இரவு பத்து மணிக்கு மேல் ஆர்மோனியம் ஒலித்தது. மேடைக்கு முன்னே மணல்வெளி. இடப்புறம் பெண்கள், வலப்புறம் ஆண்கள். நடுவே ஒரு நடைவழி. கயிறு கட்டியவர் எவரும் இலர். ஊர் தானே அவ்வாறு அமர்ந்தது. முன் வரிசையில் சிறுவர்கள். அவர்களுக்குப் பின்னே பாயும் தலையணையுமாகக் குடும்பங்கள். ஓரத்தில் நாற்காலி போட்டு ஊர்ப் பெரியவர்கள். சைக்கிளில் சுக்குக் காப்பி விற்பவர் கூட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். இரண்டாம் ஷிப்டு முடிந்து, தோளில் சாப்பாட்டுப் பையுடன் சீருடையிலேயே வந்து நின்ற தொழிலாளரும் இருந்தனர்.

மாணவியின் தந்தை ஓரமாக நின்றுகொண்டே இருந்தார். வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர் போலத் தோன்றிய முதியவர் ஒருவர், தம் பாயின் பாதியை ஒதுக்கிக் கொடுத்து, "பாய், பாய்ல உக்காருங்க பாய்" என்றார். அருகிலிருந்தோர் சிரித்தனர், நம்மவரும் சிரித்துவிட்டார். அமர்ந்தார். திருச்சிப் பக்கத்து மக்களுக்கு இந்தச் சொல்விளையாட்டு புதிதன்று. ஆனால் ஒரு பாயில் இருவர் அமர்வதற்கு அதுவே வாயிலாயிற்று.

நாடகம் பபூனும் நடனக்காரியும் தோன்றும் நகைச்சுவைப் பகுதியுடன் தொடங்கியது. ஒளிவுமறைவின்றிச் சொல்லுவோம்: அதில் இரட்டைப் பொருள் பேச்சு மிகுதி. நம் மாணவியர் தலை குனிந்தனர், நமக்கும் கூசியது. பெரியோர் இத்தகைய நாடகங்களை வெறுப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அப்போது ஒரு மாணவி நம்மிடம் மெல்லச் சொன்னார்: "சார், அந்த அம்மாக்களப் பாருங்க." பார்த்தோம். கொச்சைப் பேச்சு வரும்போதெல்லாம் பெண்கள் பகுதியில் ஒரு சலசலப்பு. வெற்றிலைப் பெட்டி திறந்தது. குழந்தையைத் தட்டித் தூங்க வைத்தனர். பக்கத்து வீட்டுக் கதை நடந்தது. நல்ல நகைச்சுவை வந்தால் முகங்கள் மேடைக்குத் திரும்பின. அவர்கள் எழுந்து சென்று எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. முகத்தைத் திருப்பித் தீர்ப்பு வழங்கினர். மேடையிலிருந்த பபூனும் அத்தீர்ப்பைப் படித்திருக்க வேண்டும். சிறிது நேரத்தில் பேச்சை மாற்றிக்கொண்டு விலைவாசிக்கு வந்துவிட்டார். திறனாய்வு என்பதை நாம் நூலகத்தில் தேடிக்கொண்டிருக்கிறோம். அது அங்கே மணலில் அமர்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது.

ஒரு பிழையும் ஒரு பாடமும்

நள்ளிரவு கடந்து வெகுநேரம் சென்றபின் மயான காண்டம் வந்தது. பாம்பு தீண்டி இறந்த மகன் லோகிதாசனைச் சந்திரமதி தோளில் சுமந்து சுடலைக்கு வருகிறாள். அங்கே காவல் புரியும் கணவனோ, மனைவி என்று அறியாமல் சுடலைக் கூலி கேட்கிறான். உறங்கிக்கொண்டிருந்தோர் எழுந்து அமர்ந்தனர். திடல் முழுதும் ஓர் அமைதி.

அந்நேரத்தில் நம் மாணவர் ஒருவர், வாய்விட்டு அழுதுகொண்டிருந்த ஒரு மூதாட்டியின் எதிரே சென்று கைப்பேசியில் படம் பிடித்தார். மூதாட்டி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு, சினமின்றிக் கேட்டார்: "ஏந்தம்பி, என்னைய எதுக்குப் படம் புடிக்கிற? நாடகம் அங்கல்ல நடக்குது!"

மாணவருக்கு முகம் கறுத்துவிட்டது. நம்மிடம் வந்து, "காண்போரைப் பாருங்கள் என்று நீங்கள்தானே சார் சொன்னீர்கள்" என்றார். அவர் சொன்னது உண்மை. பார்க்கச் சொன்ன நாம், எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. குற்றம் மாணவருடையது அன்று, நம்முடையது. படத்தை அழிக்கச் சொன்னோம். அழித்ததை அந்த அம்மையாரிடம் காட்டிவிட்டு, அவர் இசைந்தால் அருகில் அமர்ந்து நாடகம் பார்க்குமாறும் சொன்னோம். அமர்ந்தார். விடியும்வரை எழவில்லை. மறுவாரம் அவர் எழுதிக் கொடுத்த குறிப்பில் மூதாட்டியின் கண்ணீரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவர் தமக்கு ஒரு பிடி பொரி கொடுத்ததையும், அடுத்து வரும் பாட்டு இன்னதென்று முன்கூட்டியே மெல்லப் பாடிக் காட்டியதையும், அந்நாடகத்தை இதற்குமுன் பலமுறை பார்த்திருப்பதாகச் சொன்னதையும் எழுதியிருந்தார். ஐந்து குறிப்புகளுள் அதுவே சிறந்தது.

இரவு கரைந்து, ஊர்ப் பள்ளிவாசலிலிருந்து பஜ்ர் பாங்கொலி எழுந்தது. சந்திரமதி பாடிக்கொண்டிருந்த பாட்டின் நடுவில் ஆர்மோனியக்காரர் கையை எடுத்துவிட்டார். மிருதங்கமும் நின்றது. யாரும் சைகை செய்யவில்லை, யாரும் அறிவிக்கவில்லை. அரிச்சந்திரன் கோலை ஊன்றியபடி நின்றான். பாங்கு முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து பாட்டுத் தொடர்ந்தது. மாணவியின் தந்தை எழுந்து தொழுகைக்குச் சென்றார். முதியவர் அவருடைய இடத்தில் துண்டை விரித்துப் போட்டு வைத்தார். திரும்பி வந்து அதே பாயில் அமர்ந்து, நாடகம் முடிந்த பின்னரே எழுந்தார் துணைக்கு வந்தவர்.

பார்வை இருவகை

அன்றிரவுக்குப் பின் நாம் பல நாள் சிந்தித்தோம். மக்களைப் பார்த்தல் என்பது நல்லதா, தீயதா? நம் மார்க்கம் பார்வையைத் தாழ்த்துமாறு ஆணுக்கும் பெண்ணுக்கும் கட்டளையிடுகிறது. பிறர் குறைகளைத் துருவித் துருவி ஆராய்வதையும் இறைமறை தடுக்கிறது. அவ்வாறாயின், அரங்கில் அமர்ந்து அயலாரைப் பார்ப்பது தகுமா?

பார்வை இருவகை என்று கருதுகிறோம். ஒன்று, பிறரைப் பொருளாக்கும் பார்வை. அது எட்ட நின்று பார்க்கும், எடுத்துக்கொண்டு போகும், பார்க்கப்படுபவர் அறியாமல் பலருக்கும் காட்டி மகிழும். இன்றைய கைப்பேசி அப்பார்வையைக் கைக்கு எளிதாக்கிவிட்டது. அழும் மூதாட்டி ஒருவர் விடிவதற்குள் ஆயிரம் வாட்ஸ்அப் குழுக்களில் வேடிக்கைப் பொருளாகிவிட முடியும். மார்க்கம் தடுப்பது இதைத்தான். மற்றொன்று, பக்கத்தில் அமர்ந்து, அவர் பார்ப்பதையே தானும் பார்க்கும் பார்வை. அங்கே இருவர் கண்ணும் ஒரு பொருளின்மேல் இருக்கும். இடையிடையே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, 'உமக்கும் அப்படித்தான் தோன்றியதா?' என்று சொல்லாமல் கேட்டுக்கொள்ளும். மக்களைப் பல இனங்களாகவும் குலங்களாகவும் படைத்தது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே என்று இறைமறை அறிவிக்கிறதே, அந்த அறிதலுக்கு இப்பார்வை ஒரு வழி.

ஹதீஸ் நூலாகிய புகாரியில் பதிவான ஒரு நிகழ்ச்சியைப் பெரியோர் அறிவர். பெருநாள் ஒன்றில் அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி கொண்டு விளையாடினர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதைக் கண்டு களிக்க, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் மேலாடையால் மறைப்புத் தந்து நின்றார்கள். அன்னையார் தாமே போதுமென்று ஓயும்வரை அவ்வாறு நின்றார்கள். காட்சியைக் காண்பதற்கு இடம் தந்ததும் அங்கே உண்டு. காண்பவருக்குக் காப்புத் தந்ததும் அங்கே உண்டு. இரண்டையும் ஒருங்கே செய்ய முடியும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று நமக்கு வேண்டுமா? மகளுக்குத் துணையாக விடியவிடிய மணலில் அமர்ந்திருந்த அந்தத் தந்தை, அறிந்தோ அறியாமலோ அந்நெறியைத்தான் பின்பற்றினார்.

பார்க்கப்படுபவர் பக்கமும் ஒரு நீதி உண்டு. அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர், தமிழகத்து ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களிடையே பல்லாண்டு பழகி, 2005ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். மேடையேறும் பெண்கள் சுமக்க நேரும் பழிச்சொல்லே அந்நூலின் மையப் பொருள். இரவெல்லாம் சந்திரமதிக்காக அழுதவர்கள், பகலில் அச்சந்திரமதியாக நடித்தவருக்கு வாடகை வீடு தரத் தயங்கலாமா? கண்டு மகிழ்ந்ததற்கு நாம் கொடுக்கும் கட்டணம் அன்றிரவோடு தீர்ந்துவிடுவதில்லை. மதிப்பு என்னும் கடன் மிச்சம் இருக்கிறது.

ஆட்சி அஞ்சியது யாரை?

ஒன்றாக அமர்ந்து காணும் கூட்டத்திற்கு ஓர் ஆற்றல் உண்டு. அதை ஆசிரியர்களாகிய நம்மினும் ஆட்சியாளர் நன்கு அறிந்திருந்தனர். ஆங்கில அரசு 1876ஆம் ஆண்டில் நாடகங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியது. நாடக நூல் ஒன்று அலமாரியில் இருந்தால் அரசுக்கு அச்சமில்லை. அதைக் காண நூறு பேர் கூடி, ஒரே சொல்லுக்கு ஒரே நேரத்தில் கைதட்டினால்தான் அச்சம். விடுதலைப் பாடல்களை மேடையில் பாடிப் பலமுறை சிறை சென்ற எஸ்.எஸ். விசுவநாததாஸ், 1940ஆம் ஆண்டின் இறுதியில் மேடையிலேயே உயிர் நீத்தார்.

விடுதலைக்குப் பின்னரும் 1954இல் சென்னை மாகாணத்தில் புதிய நாடகச் சட்டம் வந்தது. நடிகவேள் எம்.ஆர். ராதாவின் நாடகங்கள் எழுப்பிய புயலே அதன் பின்னணி. அவருடைய கொள்கையை ஏற்போரும் உண்டு, மறுப்போரும் உண்டு. அது இங்கே நம் பொருளன்று. கூட்டத்திலிருந்து எழும் குரலுக்கு நாடகத்தின் நடுவிலேயே விடையளிப்பது அவர் வழக்கம் என்பதே நாம் கருத வேண்டியது. மேடை கூட்டத்தைப் பார்த்தது. கூட்டம் மேடையைப் பார்த்தது. 1979இல் அவர் மறைந்ததும் நம் திருச்சியில்தான்.

திருச்சிக்கு இத்துறையில் நெடிய மரபு உண்டு. தென்னிந்திய இரயில்வேயில் அலுவலராக இருந்த எஃப்.ஜி. நடேச ஐயர் 1914இல் ரசிக ரஞ்சன சபாவை இந்நகரில் தோற்றுவித்தார். பின்னாளில் தமிழகமே கொண்டாடிய எம்.கே. தியாகராஜ பாகவதர், சிறுவனாக அச்சபாவின் 'அரிச்சந்திரா' நாடகத்தில் லோகிதாசனாகத் தோன்றினார். அவரைக் கண்டுகொண்டது திருச்சியின் காண்போர் கூட்டம். நவாப் ராஜமாணிக்கம் என்னும் நாடகப் பெருந்தகையின் பெயரையும் எண்ணிப் பாருங்கள். இராமதாசர் நாடகத்தில் நவாப் வேடத்தில் அவர் பெற்ற புகழால் அவ்வேடமே அடைமொழியாக அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஓர் இந்துக் கலைஞரை வாழ்நாள் முழுதும் நவாப் என்று அன்போடு அழைத்தது தமிழ்க் காண்போர் உலகம்.

அரிச்சந்திரன் கதைக்கு ஒரு காண்போர் இன்னும் உண்டு. இராஜ்கோட்டில் சிறுவன் ஒருவன் தந்தையிடம் இசைவு பெற்று அந்நாடகத்தைப் பார்த்தான். அதன்பின் தனக்குள்ளேயே அதை எண்ணற்ற முறை நடித்துப் பார்த்ததாகத் தன் வாழ்க்கை வரலாற்றில் பின்னாளில் எழுதினான். அச்சிறுவன் காந்தியடிகள். அன்று அத்தந்தை இசைவு மறுத்திருந்தால்?

அதே 1876ஆம் ஆண்டில் செர்மனியில் பைராய்த் நகரில் வாக்னர் தம் இசை நாடக அரங்கைத் திறந்து, காண்போர் பகுதியை இருளில் ஆழ்த்தினார். எல்லாக் கண்களும் மேடையையே நோக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். மேலை அரங்கில் பரவிய அவ்வழக்கத்தையே திரைப்படக் கொட்டகையும் மேற்கொண்டது. டூரிங் டாக்கீசின் மணல் தரையில் இருட்டு இருந்தாலும், இடைவேளை விளக்கில் அண்டை அயலார் முகம் தெரிந்தது. இன்றோ அதுவும் இல்லை. ஒரே வீட்டில் நால்வர் நான்கு கைப்பேசிகளில் நான்கு கதைகளைக் காண்கின்றனர். ஒருவர் சிரிக்கும்போது மற்றவருக்குக் காரணம் தெரிவதில்லை. அயல் வீட்டார் எதற்கு அழுவர், எதற்குச் சிரிப்பர் என்பதை அறியாத இளைஞனிடம், அயல் வீட்டாரைப் பற்றி எவர் எதைச் சொன்னாலும் அவன் நம்பிவிடுவான். நாம் அஞ்சுவது இதற்கே. ஒரு பாயில் அமர்ந்தவரைப் பற்றிய பொய்யை அவ்வளவு எளிதில் நம்ப முடியாது.

பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம்

நம் கல்லூரியில் முன்பு முழு நீள நாடகங்கள் இரவில் நடந்தன என்று மூத்த பேராசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்று முத்தமிழ் விழாவில், நண்பகல் வேளையில், பதினைந்து நிமிடக் குறுநாடகமாக அது சுருங்கிவிட்டது. காண்போர் அனைவரும் நம் மாணவரே. அதிலும் பாதிப்பேர் வருகைப் பதிவுக்காக அமர்ந்திருப்பர். இது நாடகப் பயிற்சியாகலாம்; நாடகம் ஆகாது.

ஆதலால் நாம் கேட்பது பெரிதொன்றும் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை, கல்லூரித் திடலில், மஃரிபுக்குப் பின் தொடங்கி இரவு பத்து மணிக்குள் முடியுமாறு ஒரு நாடகம். விரசம் இல்லாத, மாணவரே எழுதிய தமிழ் நாடகம். மாணவ மாணவியரின் பெற்றோர் குடும்பத்தோடு வரட்டும். சுற்று வட்டாரத்துத் தொழிலாளர் குடும்பங்களும், கல்லூரி வாயிலில் கடை வைத்திருப்போரும் வரட்டும், எம்மதத்தவராயினும் வரட்டும். பெண்களுக்குத் தனியிடம் அமையட்டும். ஆனால் அது மேடை தெரியாத மூலையாக இருக்க வேண்டா. காண்போர் பகுதியில் விளக்குகளை அணைக்க வேண்டா. கைப்பேசிகள் பைக்குள் இருக்கட்டும். நாடகத்துக்கு மறுநாள், மாணவர் ஒவ்வொருவரும் தம் பக்கத்தில் அமர்ந்தவரைப் பற்றி அவருக்கே படித்துக் காட்டக்கூடிய ஒரு பக்கக் குறிப்பு எழுதட்டும். அவருக்குப் படித்துக் காட்ட நாணும் செய்தி எதுவாயினும் அது துருவும் பார்வையில் பிறந்தது என்று அவர்களே அறிந்துகொள்வர்.

பெரியோர் சிலர் மறுப்பர் என்பதை அறிவோம். இரவு, கூட்டம், ஆண் பெண் என்று அவர்கள் அடுக்கும் காரணங்களை நாம் எள்ளவில்லை. அச்சம் உள்ள இடத்துக்கு மறைப்புத் தந்து உடன் நிற்பதே நம் மரபு. கதவை அடைப்பது எளிதான வழி மட்டுமே. திருமண வீட்டில் நள்ளிரவு வரை கூடியிருக்கும் நாம், ஒரு நல்ல நாடகத்துக்குப் பத்து மணி வரை கூடியிருக்க முடியாதா?

சென்ற மாதம் அந்த மாணவியின் தந்தையைக் கடைவீதியில் கண்டோம். சலாம் சொல்லி நலம் கேட்டபின், சற்றுத் தயங்கிச் சொன்னார்: "அன்னைக்கு நாடகத்துல பார்த்ததையெல்லாம் வீட்ல சொல்லிக்கிட்டே இருக்கேன் சார். பிள்ளையோட அம்மா, 'நீங்க மட்டும் பார்த்தாப் போதுமா'ன்னு கேக்குது. காலேஜ்ல ஏதாவது நாடகம் போட்டீங்கன்னா சொல்லுங்க. எல்லாருமா வர்றோம்."

நம்மிடம் அவருக்குச் சொல்ல விடை இல்லை. 'பார்க்கலாம்' என்று மட்டும் சொல்லி வந்தோம். அவ்விடை சமுதாயப் பெரியோராகிய உங்கள் கையில் இருக்கிறது.